கம்பியில்லாச் சுவிட்சு: வாங்குமுன் எண்ண வேண்டியவை

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட நம் வீடுகள் பலவற்றில் இன்று ஒயரிங்கை முற்றிலும் மாற்ற வேண்டிய காலம் வந்துள்ளது. மர ரீப்பர்மீது கிளிப் அடித்து இழுக்கப்பட்ட அக்காலத்து ஒயர்கள் இறுகி, மேலுறை வெடித்து, தொட்டால் உதிரும் நிலையை அடைந்துவிட்டன. ஒரு மின்விசிறி, நான்கு குண்டு பல்புகள், ஒரு வானொலிப் பெட்டி ஆகியவற்றுக்கென அமைந்த அந்த ஒயர்களின்மீது பிரிட்ஜ், மிக்சி, சலவை இயந்திரம், கீஸர், ஏ.சி. ஆகிய அனைத்தையும் நாம் ஏற்றிவிட்டோம். ஆகவே ஒயரிங்கை மாற்றுவதை ஆடம்பரச் செலவென்று எவரும் கருத வேண்டியதில்லை. தீயினின்றும் மின்தாக்குதலினின்றும் குடும்பத்தைக் காக்கும் கடமை அது.

இப்பணியைத் தொடங்கும் இல்லத்தார்முன் இன்று புதியதொரு வினா எழுகின்றது. சாதாரணச் சுவிட்சுகளையே பொருத்துவதா, அல்லது கம்பியில்லாச் சுவிட்சுகளை வாங்குவதா? "சுவரைக் கொத்த வேண்டாம், கைப்பேசியிலேயே விளக்கை ஏற்றலாம்" என்கிறார் கடைக்காரர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அழகிய கண்ணாடிச் சுவிட்சுகளின் படங்களை அனுப்புகிறான். வீட்டில் இருக்கும் முதிய தாயாரோ, "இருட்டில் கையை நீட்டினால் விளக்கு எரிய வேண்டும், எனக்கு அது போதும்" என்கிறார். இம்மூவருள் தாயார் கூறுவதே சரியான அளவுகோல் என்பது நம் கருத்து. அந்த அளவுகோலைக் கையில் கொண்டே இப்புதிய பொருளை ஆராய்வோம்.

பெயரும் பொருளும்

முதலில் பெயரால் உண்டாகும் மயக்கத்தைக் களைதல் நன்று. "கம்பியில்லா" என்னும் சொல் கட்டளைக்கு மட்டுமே பொருந்தும். விளக்குக்குச் செல்லும் மின்சாரம் எப்போதும் கம்பி வழியேதான் சென்றாக வேண்டும். சுவிட்சை அழுத்தியதும் வானலை வழியே ஒரு சிறு செய்தி புறப்படுகின்றது. விளக்கின் அருகில் வைக்கப்பட்ட கருவி அச்செய்தியைப் பெற்று, தன்னுள் இருக்கும் ரிலே என்னும் சிறு மின்காந்தச் சுவிட்சை இயக்கி, மின்சாரத்தை விடுகின்றது, அல்லது நிறுத்துகின்றது.

வானலையால் தொலைவில் ஒரு செயலை நிகழ்த்துவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1895-ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், சுவரை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு மணியொன்றை ஒலிக்கச் செய்து காட்டினார். இன்றைய கம்பியில்லாச் சுவிட்சும் அதே வழியில் செயல்படுவதுதான்.

அதே வேளையில், சாதாரணச் சுவிட்சை எளிய பொருளென்று இகழ்தலும் ஆகாது. 1884-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர், தொடுமுனைகளைச் சட்டென்று பிரித்துவிடும் சுவிட்சை அமைத்தார். முனைகள் மெல்லப் பிரிந்தால் இடையில் தீப்பொறி நீண்டு உலோகம் தீய்ந்துவிடும். விரைந்து பிரிந்தால் அத்தீமை குறையும். நாம் "டக்" என்று கேட்கும் ஒலியின் பின்னே இருப்பது இத்தத்துவமே. பல ஆண்டுகள் பழுதின்றி உழைப்பதும், எவருடைய உதவியுமின்றி இயங்குவதும் அதன் சிறப்புகள்.

நான்கு வகைகள்

கடைகளில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சுவிட்சுப் பெட்டிக்குள் சாதாரணச் சுவிட்சுக்குப் பின்னால் மறைத்து வைக்கும் சிறு ரிலேக் கருவி. சுவரிலுள்ள சுவிட்சும் வழக்கம்போல் வேலை செய்யும், கைப்பேசியாலும் இயக்கலாம்.

இரண்டாவது, சுவிட்சுப் பலகை முழுவதற்கும் மாற்றாக அமையும் கண்ணாடித் தொடுபலகை. பார்வைக்கு அழகியது. எனினும் இருளில் விரலால் தடவி இடமறிய அதில் மேடு பள்ளம் இல்லை. ஈரக்கையாலும் நடுங்கும் கையாலும் அதனை இயக்குதல் எளிதன்று.

மூன்றாவது, சிறு பட்டன் பாட்டரியால் இயங்கும் சுவிட்சு. சுவரில் ஒட்டிவிடலாம், எங்கும் எடுத்துச் செல்லலாம். பாட்டரி தீர்ந்ததும் நினைவாக மாற்ற வேண்டும். பட்டன் பாட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகையால் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதாய் இருத்தல் இன்றியமையாதது.

நான்காவது, பாட்டரியும் வேண்டாத சுவிட்சு. விரல் அழுத்தும் விசையால் உள்ளேயுள்ள காந்தம் அசைகின்றது; சுருளில் ஒரு கணம் மின்சாரம் பிறக்கின்றது; அதனைக் கொண்டே செய்தி அனுப்பப்படுகின்றது. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்திலிருந்து 2001-இல் பிரிந்த என்ஓஷன் நிறுவனம் இம்முறையைப் பரப்பியவற்றுள் முதன்மையானது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சுவிட்சுகளைப் பற்றி இங்கு ஓர் எச்சரிக்கை கூறுவோம். வானலை வரிசைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். எடுத்துக்காட்டாக, இசட்-வேவ் எனப்படும் முறை இந்தியாவில் 865.2 மெகா ஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவில் 868.42 மெகா ஹெர்ட்ஸிலும், அமெரிக்காவில் 908.42 மெகா ஹெர்ட்ஸிலும் இயங்குகின்றது. ஓரிடத்துக் கருவி மற்றோரிடத்துக் கருவியோடு பேசாது. இங்கே அனுமதிக்கப்படாத வரிசையைப் பயன்படுத்துவது சட்டத்துக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் 120 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டதை நம் 230 வோல்ட்டில் இணைத்தால் கருவியே கருகும்.

நியூட்ரல் ஒயர்

ஒயரிங்கை மாற்றுவோர் தவறாமல் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சாதாரணச் சுவிட்சுக்கு பேஸ் ஒயர் மட்டும் போதும். நியூட்ரல் ஒயர் நேரே விளக்குக்குச் சென்றுவிடும். பிளக் பாயிண்டும் சேர்ந்துள்ள பெரிய பலகையில் நியூட்ரல் இருக்கும். ஆனால் மாடிப்படி, குளியலறை வாயில், கட்டில் அருகு ஆகிய இடங்களிலுள்ள சிறு பெட்டிகளில் பெரும்பாலும் அது இராது.

ரிலேக் கருவியோ இரவும் பகலும் விழித்திருந்து கட்டளைக்காகக் காத்திருப்பது. அதற்கு ஓயாமல் சிறிது மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாத இடத்தில் அச்சிறு மின்சாரம் விளக்கின் வழியே கசிந்து செல்லுமாறு சில கருவிகளை அமைக்கின்றனர். பழைய குண்டு பல்பில் இக்கசிவு தெரியவில்லை. இன்றைய எல்.இ.டி. விளக்கோ மிகச் சிறிய மின்சாரத்துக்கும் மினுக்கும். அணைத்த பின்னும் மங்கலாக ஒளிரும். இதனைத் தணிக்க விளக்கருகே ஒரு கெப்பாசிட்டரை இணைப்பதுண்டு. அது மருந்தேயன்றி நலமன்று.

ஒயர் இழுக்கும் நாளிலேயே ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டிக்கும் கறுப்பு நிற நியூட்ரல் ஒயர் ஒன்றைச் சேர்த்து இழுக்கச் சொன்னால் இத்தொல்லை எழாது. குழாய் பதித்துச் சுவரைப் பூசிய பின் இதனைச் செய்ய முனைந்தால் செலவு பன்மடங்காகும். இன்று கம்பியில்லாக் கருவி வேண்டாமென்று முடிவு செய்தாலும், நாளை பிள்ளைகள் விரும்பினால் பொருத்திக்கொள்ள வழி திறந்திருக்கும்.

பெட்டியும் பாரமும்

சுவரில் பதிக்கும் சுவிட்சுப் பெட்டிகள் பல, தகட்டால் ஆனவை. தகடு வானலையைத் தடுக்கும். இரும்புக் கம்பி செறிந்த கான்கிரீட் தூணும் அவ்வாறே. ஆதலின் உள்ளே கருவி வைக்க எண்ணும் இடங்களில் ஆழமான பிளாஸ்டிக் பெட்டி பொருத்துதல் நலம். இடநெருக்கடி உள்ள பெட்டியில் ஒயர்களைத் திணித்தால் வெப்பம் வெளியேற வழியின்றிப் போகும்.

பாரத்தையும் கணக்கிட வேண்டும். 2000 வாட் கீஸர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்கென அமைந்த சிறு ரிலே இதனைத் தாங்காது. முனைகள் ஒட்டிக்கொண்டால் கீஸர் அணையாமலே கொதிக்கும். கீஸர், ஏ.சி., தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு அவற்றுக்குரிய கனமான சுவிட்சும் தனி எம்.சி.பி.யும் இருப்பதே முறை. விளக்கின் ஒளியைக் குறைக்கும் கருவியை மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கப் பயன்படுத்தலாகாது.

மேலும், கைப்பேசியில் "அணைந்தது" என்று காட்டுவதை நம்பி எவரும் பல்பு மாட்டும் ஹோல்டரைத் தொடலாகாது. கசிவு மின்சாரம் இருக்கலாம். வேறொருவர் எங்கிருந்தோ ஏற்றவும் கூடும். எம்.சி.பி.யை அணைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

எங்கோ இருக்கும் கணினி

வை-பை வழியே இயங்கும் மலிவான சுவிட்சுகள் பலவற்றில், நாம் கைப்பேசியில் இடும் கட்டளை நேரே விளக்குக்குச் செல்வதில்லை. இணையத்தின் வழியே எங்கோ தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி நம் வீட்டுக்கு வருகின்றது. இணையம் நின்றால் கட்டளை நின்றுவிடும். நிறுவனமே மறைந்தால் என் செய்வது?

இது வீண் அச்சமன்று. ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை விற்ற அமெரிக்க நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டது. விலை கொடுத்து வாங்கியோர் கையில் பயனற்ற பெட்டியே மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்னும் மற்றோர் அமெரிக்க நிறுவனத்தின் கணினிகள் முன்னறிவிப்பின்றி நின்றன. பின்னர் பயனாளர் குழுவொன்று அதனை வாங்கி உயிர்ப்பித்தது. இடைப்பட்ட காலத்திலும் சுவரில் கையால் இயக்கத்தக்க சுவிட்சு வைத்திருந்தவர்கள் இருளில் தவிக்கவில்லை என்பதை நாம் உற்றுநோக்க வேண்டும்.

2022 அக்டோபரில் மேட்டர் என்னும் பொது நெறி வெளியிடப்பட்டது. பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கவும், கட்டளை வீட்டுக்குள்ளேயே நிறைவேறவும் அது வகை செய்கின்றது. வாங்குவோர் அக்குறியைத் தேடி வாங்குதல் நன்று.

நம் குடும்பங்களுக்குரிய தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. விடுமுறைக்கு வந்த மகன் எல்லாச் சுவிட்சுகளையும் தன் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறான். சில மாதங்களில் ரௌட்டர் பழுதாகி வேறொன்று வருகின்றது; பெயரும் கடவுச்சொல்லும் மாறுகின்றன. சுவிட்சுகள் இணைப்பை இழக்கின்றன. அவற்றை மீட்கும் வழி வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. ஆகவே கணக்கின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஏட்டில் எழுதி வீட்டிலேயே வைக்க வேண்டும். புதிய ரௌட்டருக்கும் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே இட்டால் சுவிட்சுகள் பெரும்பாலும் தாமே இணைந்துகொள்ளும்.

எங்கு எதனை அமைக்கலாம்?

கம்பியில்லாச் சுவிட்சின் பெரும் பயன் சுவரைக் கொத்தாமல் வேலை முடிப்பது. ஆனால் ஒயரிங்கை மாற்றும் வீட்டிலோ சுவர் எப்படியும் கொத்தப்படுகின்றது. எனவே ஒயர் செல்லக்கூடிய இடத்துக்கெல்லாம் ஒயரையே அனுப்புவோம். மாடிப்படிக்கு மேலும் கீழுமாக இரண்டு டூவே சுவிட்சுகள் போதும். குளியலறை, சமையலறை, வாயில் ஆகிய மூன்றிடத்தும் கைக்கெட்டும் சாதாரணச் சுவிட்சு இருந்தே தீர வேண்டும்.

ஒயர் செல்ல இயலாத இடங்களும் உண்டு. கான்கிரீட் தூணின்மேல், கிரானைட் ஒட்டிய சுவரில், முற்றத்துக்கு அப்பாலுள்ள கொட்டகையில் கம்பியில்லாச் சுவிட்சு அருமையான துணை. படுக்கையினின்று எழ இயலாத நோயாளியின் தலையணையருகே ஒரு சிறு பட்டனை வைத்தால், பிறரை எழுப்பாமலே அவர் விளக்கை ஏற்றிக்கொள்வார். இத்தகைய பயனுக்காகச் செலவிடும் பணம் வீண்போவதில்லை. இவ்விடங்களிலும் பட்டனும் ரிலேயும் இணையத்தின் உதவியின்றி நேரே பேசிக்கொள்ளும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பணி தொடங்குமுன்

கடைக்காரரிடம் பின்வரும் வினாக்களைக் கேட்டு விடை பெறுக.

1. இணையம் இல்லாதபோதும் சுவரிலுள்ள சுவிட்சு வேலை செய்யுமா?
2. நியூட்ரல் ஒயர் தேவையா?
3. எத்தனை ஆம்பியர் தாங்கும்?
4. மின்தடை நீங்கி மின்சாரம் வந்ததும் விளக்கு எந்நிலையில் இருக்கும்? நள்ளிரவில் வீட்டு விளக்குகள் அனைத்தும் தாமே எரியத் தொடங்கும் கருவிகளும் உள்ளன.
5. கருவி பழுதானால் அதனை நீக்கிவிட்டு, அதே பெட்டியில் சாதாரணச் சுவிட்சைப் பொருத்த முடியுமா?

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ரௌட்டரும் அதே லைனில் இருத்தல் வேண்டும். இல்லையேல் மின்தடையின்போது விளக்குக்கு மின்சாரம் இருந்தும் கைப்பேசிக் கட்டளை செல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணத்தை முதலில் எதற்கு ஒதுக்குவது என்பதில் தெளிவு வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஒயர், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் ஆகியவை முதலிடம் பெறட்டும். இவற்றுக்குப் பின் மிஞ்சும் தொகையில் கம்பியில்லாச் சுவிட்சுகளை வாங்கலாம்.

சுவரைக் கொத்தத் தொடங்குவதற்கு முந்தின நாள், வீட்டிலுள்ள அனைவரும் எலக்ட்ரீசியனோடு அறை அறையாக நடந்து பார்ப்பார்களாக. இரவில் எழுந்து செல்லும் வழியை முதியோர் காட்டட்டும். தம் கை இயல்பாக எட்டும் உயரத்தை அவர்களே சுவரில் சாக்கட்டியால் குறிக்கட்டும். எந்தச் சுவிட்சு வாங்கினாலும் அது அக்குறியிட்ட இடத்தில் அமைந்தால், வீட்டின் இரவுகள் அச்சமின்றிக் கழியும்.