மறித்து வைத்த சிக்னல்கள்

சென்னை ஐஐடி வடிவமைத்த ‘சக்தி’ புராசசரில் 2018-ல் லினக்ஸ் ஓடியது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பைச் சேர்ந்த வகை. அதற்கு நிரல் எழுதிப் பார்க்க விரும்பும் மாணவர் கள்ளக்குறிச்சியில் இருந்தாலும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இருந்தாலும், கையில் இருப்பது பெரும்பாலும் இன்டெல் வகை லேப்டாப்தான். இங்கே கைகொடுப்பது, வேறொரு புராசசரைப் போல நடிக்கும் எமுலேட்டர். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கியூஎமு, முழுக் கணினியையும் பாவித்துக் காட்டும். ‘யூசர் மோட்’ முறையில் ஒரே நிரலின் கட்டளைகளை மட்டும் மாற்றி ஓட்டி, ஃபைல் திறப்பது போன்ற கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வேலைகளை லேப்டாப்பின் லினக்ஸிடமே விட்டுவிடவும் செய்யும். நினைவகம் குறைந்த இயந்திரத்துக்கு இரண்டாவதுதான் தோது. ஆனால் எல்லாவற்றையும் அப்படி விட்டுவிட முடியாது.

ஓடும் நிரலைத் தட்டி எழுப்ப கெர்னல் அனுப்புவது சிக்னல். கன்ட்ரோல்-சி அழுத்தினால் 2-ஆம் எண் போகும். நினைவகத்தைத் தப்பாகத் தொட்டால் 11 வரும். எவற்றை இப்போதைக்கு மறித்து வைப்பது என்று நிரல் சொல்லும் பட்டியலே மாஸ்க். அதை அப்படியே கெர்னலிடம் தள்ளிவிட்டால் என்ன? 11-ஆம் சிக்னல் எமுலேட்டருக்கே தேவை. மாற்றி முடித்த கட்டளைகள் இருந்த பக்கங்களை அது எழுத முடியாதபடி பூட்டி வைக்கிறது. நிரல் அங்கே எழுதினால் வரும் 11-ஐப் பிடித்துத்தான் பழைய மாற்றத்தைக் கழிக்கிறது. அந்த நேரம் 11 மறிக்கப்பட்டிருந்தால் கெர்னல் மொத்தத்தையும் கொன்றுவிடும். ஆகவே நிரலின் மாஸ்க்கை எமுலேட்டர் தன்னிடமே தனிக்கணக்காக வைத்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

தனிக்கணக்கு மட்டும் போதாது. சிக்னல் வந்ததா என்று எமுலேட்டர் பார்த்துவிட்டு, தூங்க வைக்கும் கெர்னல் அழைப்புக்குள் நுழைவதற்குள் ஒரு சிக்னல் வந்தால், அது ஒரு கொடியில் குறிக்கப்படும், ஆனால் நிரல் எழாது. மைக்ரோ நொடி இடைவெளிதானே, யாருக்கு நேரப்போகிறது என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான கம்பைல் வேலைகளில் ஒன்று காரணமே தெரியாமல் உறைந்து நிற்பது இப்படித்தான். அரிதாக வருவதாலேயே அதைப் பிடிப்பதும் கடினம். 2016-ல் வந்த கியூஎமு 2.7 பதிப்பு இதைத் தீர்த்தது: அழைப்புக்குச் சற்று முன் கொடியைச் சோதிக்கும் சிறு அசெம்பிளித் துண்டு, அந்த இடைவெளியில் சிக்னல் விழுந்தால் அழைப்பைக் கைவிட்டு, சிக்னலைக் கவனித்தபின் மீண்டும் தொடங்கும். மாஸ்க்கை மாற்றும்போது எல்லாச் சிக்னல்களும் மறிக்கப்படும். முழுக் கணினி முறையில் இந்தத் தொல்லையே இல்லை என்பது உண்மை. ஆனால் வேகத்திலும் நினைவகத்திலும் அதற்கான விலை பெரிது. கியூஎமுவில் ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்தது 2018-ன் 2.12 பதிப்பில், எனவே அந்த மாணவர் எந்தப் பதிப்பை எடுத்தாலும் இந்தத் திருத்தம் அதில் உண்டு.