குழந்தையோட தெரபி செலவு: உங்க 5 லட்சம் பாலிசி கைவிடுற இடம்



கம்பெனி கொடுத்த 5 லட்ச ரூபாய் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, குடும்பத்துக்கு அது போதும்னு நினைக்கிறீங்களா? நாளைக்கு உங்க குழந்தைக்கு ஸ்பீச் தெரபி வேணும்னு டாக்டர் சொன்னா, அந்தப் பாலிசியில இருந்து எவ்வளவு வரும்? பெரும்பாலான பாலிசிகள்ல ஒரு ரூபாய்கூட வராது.

எத்தனை குழந்தைகளுக்கு இது இருக்கு?

2018-ல 'பிளாஸ் மெடிசின்' இதழ்ல ஒரு இந்திய ஆய்வு வெளியாச்சு. ஹைதராபாத் உட்பட 5 இடங்கள்ல, 2 முதல் 9 வயசு வரையான 3,964 குழந்தைகளைப் பரிசோதிச்சாங்க. வலிப்பு, பெருமூளை வாதம், ஆட்டிசம், ஏடிஎச்டி, கற்றல் குறைபாடு, பேச்சு, செவித்திறன் பிரச்சினைன்னு மொத்தம் 9 வகை. 6 வயசுக்குக் கீழ 9.2% பேருக்கும், 6-9 வயசுல 13.6% பேருக்கும் இதுல ஒண்ணாவது இருந்துச்சு. 30 பேர் இருக்கிற வகுப்புல சுமார் 4 குழந்தைங்க!

பெரிய நகரங்கள்ல எண்ணிக்கை கூடுதலா தெரியுறதுக்கு ஒரு முக்கியக் காரணம், கண்டுபிடிக்கிற டாக்டர்களும் சென்டர்களும் அங்கதான் இருக்காங்க. அமெரிக்காவோட சிடிசி 2022-ல 8 வயசுக் குழந்தைகளைக் கணக்கெடுத்தப்போ, டெக்சாஸ்ல லரேடோ ஊர்ல 103 பேர்ல ஒருத்தருக்கு ஆட்டிசம். கலிஃபோர்னியா பகுதியில 19 பேர்ல ஒருத்தருக்கு. ஊர் மாறினதால நோய் 5 மடங்கு ஆயிடாது. சீக்கிரம் பரிசோதிக்கிற பழக்கமும் வசதியும் எங்க இருக்கோ, அங்க எண்ணிக்கை ஏறும்.

சிட்டியில வேலை பார்க்கிற நமக்கு இதோட அர்த்தம்: பிரச்சினை இருந்தா சீக்கிரம் தெரியவரும். அன்னைக்கே செலவும் ஆரம்பிச்சிடும்.

பில் எங்க ஏறுது?

ஹெல்த் பாலிசி அடிப்படையில ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா பணம் கொடுக்கும். தெரபிக்கு யாரும் அட்மிட் ஆகிறதில்லை. வாரம் 3 நாள் போய், 45 நிமிஷம் இருந்துட்டு, ஃபீஸ் கட்டிட்டு வர்றதுதான். அதாவது ஓபிடி.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு செஷன் 800 ரூபாய்னு வெச்சுக்குங்க. மாசம் 12 செஷன், 9,600 ரூபாய். வருஷத்துக்கு 1,15,200. மூணு வருஷத்துக்கு 3,45,600. முழுக்க உங்க சம்பளத்துல இருந்துதான்.

இதைவிடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு. குழந்தையைக் கூட்டிட்டுப் போறதுக்காக வீட்டுல ஒருத்தர் வேலையை விட்டா? 40,000 ரூபாய் சம்பளம்னா, வருஷத்துக்கு 4.8 லட்சம் வருமானம் போச்சு. இதை எந்த பாலிசியும் ஈடு செய்யாது.

இப்பவே செய்ய வேண்டிய 5 விஷயம்

1. சொந்தமா ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுங்க. பாலிசி அனுமதிக்கிற முதல் நாளே குழந்தையைச் சேர்த்துடுங்க. பல பாலிசிகள்ல அது பிறந்த 91-வது நாள். நோய் தெரிஞ்ச பிறகு போனா, அதிகபட்சம் 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் போடலாம். நிரந்தரமா விலக்கி வைக்கலாம்னு ஐஆர்டிஏஐ 2019-ல வெளியிட்ட நோய்ப் பட்டியல்ல வலிப்பும் இருக்கு. ஏற்கெனவே தெரிஞ்ச நோயை மறைச்சு மட்டும் பாலிசி எடுக்காதீங்க. கிளெய்ம் பண்ற நேரத்துல மாட்டிக்குவீங்க.

2. எச்ஆர்கிட்ட ஒரு மெயில் போடுங்க. "நம்ம குரூப் பாலிசியில ஓபிடி இருக்கா? ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி அதுல வருமா?" பதிலை எழுத்துல வாங்குங்க.

3. தனியா ஒரு ஆர்டி போடுங்க. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மாசம் 5,000 ரூபாய். 2 வருஷத்துல வட்டி இல்லாமலே 1,20,000. மேல போட்ட கணக்குல கிட்டத்தட்ட ஒரு வருஷத் தெரபி. தேவைப்படலைன்னா ஸ்கூல் ஃபீஸுக்கு ஆச்சு.

4. அரசு வசதியை விட்டுடாதீங்க. 2013-ல தொடங்கின ஆர்பிஎஸ்கே திட்டத்துல, மாவட்ட அளவுல இயங்குற ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள்ல பரிசோதனையும் தெரபியும் இலவசம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை மாற்றுத்திறன் உள்ளவங்களுக்கு நேஷனல் டிரஸ்ட்டோட 'நிராமயா' காப்பீடு 1 லட்ச ரூபாய் வரை கொடுக்குது. அதுல தெரபிக்கும் பணம் உண்டு.

5. வரியைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 80டிடி-னு நமக்குப் பழகின கழிவுல, 40% ஊனச் சான்றிதழ் இருந்தா 75,000 ரூபாய், 80%-க்கு மேல 1,25,000 ரூபாய். இது பழைய வரி முறையில மட்டும்தான். இந்த நிலையில இருக்கிற குடும்பம், புது முறைக்கு மாறுறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒப்பிட்டே ஆகணும்.

கடைசியா ஒண்ணு. குழந்தை 2 வயசாகியும் பேசலைன்னா, "சில பசங்க லேட்டாதான் பேசுவாங்க"ன்னு வீட்டுல சொல்லுவாங்க. இருக்கலாம். ஆனா ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு அதை நம்புங்க. தெரபி எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்குதோ, அவ்வளவு நல்லது. பணத்துக்காக அந்த ஆறு மாசத்தைத் தள்ளிப்போடாம இருக்கத்தான் இவ்வளவு கணக்கும்.

உங்க கம்பெனி பாலிசியில தெரபி கவர் ஆகுதா? எச்ஆர் என்ன சொன்னாங்கன்னு கமென்ட்ல எழுதுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.