புரதக் கணக்கு: டப்பாவை வாங்குறதுக்கு முன்னாடி தட்டைப் பாருங்க

"புரதப் பவுடர் வாங்கலாமா?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவங்க இப்போ ரெண்டு வகை. ஒண்ணு, ஜிம்முக்குப் போக ஆரம்பிச்ச பையன். இன்னொண்ணு, அறுபது தாண்டின அம்மா இளைச்சுப் போறாங்களேன்னு கவலைப்படுற மகனோ மகளோ. பையனுக்குப் பதில் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கு. அதனால இந்தக் குறிப்பு பெரும்பாலும் அம்மாவுக்காக.

வயசாக ஆக தசை கொஞ்சம் கொஞ்சமா குறையும். இதுக்கு சார்கோபீனியான்னு பேர். எடை மெஷின்ல இது சட்டுனு தெரியாது, ஏன்னா தசை போற இடத்துல கொழுப்பு வந்து உட்கார்ந்துடும். நாற்காலியில இருந்து கையை ஊன்றாம எழுந்திருக்க முடியல, மாடிப்படி ஏறினா கால் தளருது, பாத்ரூம்ல தடுமாறுறாங்க. அப்போதான் வீட்டுல கவனிக்கிறோம். இந்த இழப்பை மெதுவாக்க ரெண்டே ரெண்டு விஷயம்தான் உருப்படியா உதவுது: தசைக்கு வேலை கொடுக்கிற உடற்பயிற்சி, போதுமான புரதம்.

எவ்வளவு வேணும்?

ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம். ஆனா முதியவங்க உடம்பு அதே அளவு புரதத்துக்கு இளவயசுக்காரங்க மாதிரி பதில் கொடுக்காது. அதனால 2013ல் பரிந்துரை வெளியிட்ட ப்ராட்-ஏஜ் நிபுணர் குழு, 65 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை சொல்லுது. 60 கிலோ எடை உள்ள அம்மாவுக்கு அது 60 முதல் 72 கிராம்.

இப்போ தட்டுக்கு வருவோம். சைவம் சாப்பிடுற ஒரு அம்மாவோட சாதாரண நாள், தோராயமா:

- காலை காபியில 100 மில்லி பால்: 3 கிராம்
- மூணு இட்லி, சாம்பார், சட்னி: 10 கிராம்
- மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, சாம்பார், பொரியல், ஒரு கிண்ணம் தயிர்: 18 கிராம்
- சாயங்காலம் காபி, ரெண்டு பிஸ்கட்: 4 கிராம்
- ராத்திரி ரெண்டு தோசை, சட்னி: 7 கிராம்

மொத்தம் 42. குறைஞ்சபட்ச 60ஐத் தொட இன்னும் 18 கிராம் வேணும். "வயிறு நிறைய சாப்பிடுறாங்களே"ன்னு நாம நினைக்கிறது உண்மைதான். ஆனா வயித்தை நிறைக்கிறது பெரும்பாலும் அரிசி. சாம்பார்ல பருப்பு இருக்கேன்னு கேட்கலாம். ஒரு ஆளுக்கு விழுறது 20 கிராம் துவரம்பருப்புன்னு வச்சுக்குங்க, அதுல புரதம் நாலரை கிராம்கூடத் தேறாது.

நேரம் முக்கியமா?

ஜிம் உலகத்துல ஒரு நம்பிக்கை உண்டு: உடற்பயிற்சி முடிஞ்ச அரை மணி நேரத்துக்குள்ள ஷேக் குடிக்கலைன்னா பண்ணதெல்லாம் வீண். 2013ல் ஷோன்ஃபெல்ட், அராகன், க்ரீகர் மூணு பேரும் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினாங்க. ஒரு நாளோட மொத்தப் புரதத்தையும் கணக்குல எடுத்ததும், அந்த "ஜன்னல்" தந்ததாத் தெரிஞ்ச பலன் காணாமப் போச்சு. ஷேக் குடிச்சவங்க மொத்தமாவே அதிகப் புரதம் சாப்பிட்டிருந்தாங்க. விஷயம் அவ்ளோதான்.

இன்னொரு கேள்வி, புரதத்தை மூணு வேளைக்கும் சமமாப் பிரிக்கணுமா? முதியவங்க தசை நல்லாத் தூண்டப்பட ஒரு வேளைக்கு கிலோவுக்கு சுமார் 0.4 கிராம் தேவைன்னு 2015ல் வந்த ஒரு அலசல் சொல்லுது. நம்ம அம்மாவுக்கு அது 24 கிராம். ஆனா 2018ல் வயசானவங்களை வச்சு எட்டு வாரம் நடந்த ஒரு சிறிய ஆய்வுல, சமமாச் சாப்பிட்டவங்களுக்கும் ராத்திரியில பெரும்பகுதியைச் சாப்பிட்டவங்களுக்கும் தசையிலோ பலத்திலோ வித்தியாசம் தெரியல. ஆக, மொத்தம்தான் முதல்ல. பிரிக்கிறது ரெண்டாவது.

அப்புறம் ஏன் நேரத்தைப் பத்திப் பேசணும்? நடைமுறைக்காக. விடுபட்ட 18 கிராமையும் மதியச் சாப்பாட்டுலயே திணிக்க முடியாது. வயசானவங்களுக்கு ஒரே வேளையில அவ்வளவு இறங்காது. காலை, சாயங்காலம், ராத்திரின்னு காலியா இருக்கிற இடங்கள்லதான் நிரப்பணும்.

சமையலறையிலேயே நிரப்பிப் பாக்கலாம்

பிஸ்கட்டுக்குப் பதில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவச்சு சுண்டல் பண்ணா சுமார் 10 கிராம், அதாவது 9 கிராம் கூடுது. ராத்திரி தோசைக்குப் பதில் பருப்பு தாராளமாப் போட்ட அடை ரெண்டுன்னா 5 கிராம் கூடுது. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பால், 200 மில்லி, இன்னும் 6. மொத்தம் 62. முட்டை சாப்பிடுறவங்களா இருந்தா இன்னும் சுலபம், முட்டை ஒண்ணுக்கு 6 கிராம். அரிசியில லைசின் குறைவு, பருப்புல அது நிறைய. அதனால ரெண்டும் சேரும்போது புரதத்தோட தரமும் கூடுது.

அப்போ பவுடர் யாருக்கு?

காய்ச்சல், ஆபரேஷனுக்கு அப்புறம் பசியே இல்லாதவங்க, பல் இல்லாம சுண்டல் மெல்ல முடியாதவங்க, நாலு வாய்க்கு மேல சாப்பிடாதவங்க. இவங்களுக்கு அது நிஜமாவே உதவும். வே புரதம் ஒரு ஸ்கூப்ல பொதுவா 20 முதல் 25 கிராம் கிடைக்கும். தசையைத் தூண்டுற லியூசின் அதுல அதிகம். சாப்பாட்டுக்கு முன்னாடி குடிச்சா சிலருக்கு இருக்கிற பசியும் போயிடும், அதனால ரெண்டு வேளைக்கு நடுவுல கொடுங்க.

கடையில வாங்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க.

முதல்ல, மால்ட் பானங்களைப் புரதப் பவுடர்னு நினைக்காதீங்க. ரெண்டு ஸ்பூன் மால்ட் பொடியில பொதுவா 3 கிராம் மாதிரிதான் புரதம். அதைக் கலக்குற பால்லயே அதுக்கு மேல இருக்கு. இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லி மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரல்ல ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது நினைவிருக்கலாம்.

அடுத்தது, லேபிளை அப்படியே நம்பாதீங்க. வழக்கமான சோதனை புரதத்தை நேரடியா அளக்காது. நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்கும். அதனால கிளைசின், டாரின் மாதிரி மலிவான பொருளைக் கலந்தா காகிதத்துல புரதம் ஏறிடும். 2024ல் மெடிசின் இதழ்ல வந்த ஆய்வு, இந்தியாவுல விற்கிற 36 பொடிகளைச் சோதிச்சப்போ சுமார் 70 சதவீதத்துல புரத அளவு லேபிளோட ஒத்துப்போகல. பொருட்பட்டியல் சின்னதா, அமினோ அமிலங்களைத் தனியாச் சேர்க்காததாப் பாத்து எடுங்க. அந்த டப்பாவோட பேட்சுக்கு வெளி ஆய்வகச் சான்று இருந்தா இன்னும் நல்லது.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு எச்சரிக்கை. சிறுநீரகப் பாதிப்பு இருந்து டயாலிசிஸ் பண்ணாதவங்களுக்கு டாக்டர்கள் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வாங்க. சர்க்கரை, பிபி ரொம்ப வருஷமா இருக்கிறவங்களுக்கு இந்தப் பாதிப்பு சத்தமில்லாம இருக்கலாம். அதனால பவுடரோ அதிகப் புரதமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிரியேட்டினினும் சிறுநீர்ல ஆல்புமினும் பாத்துட்டு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

புரதம் மட்டும் போதாதுன்னு மேலேயே சொன்னேன். நாற்காலியில இருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்றதே அம்மாவுக்கு நல்ல தொடக்கம். ஆரம்பத்துல பக்கத்துல யாராவது நிக்கணும்.

நாளைக்கு ஒரு நாள் அம்மா சாப்பிடுறதை ஒரு தாள்ல எழுதிக் கூட்டிப் பாருங்க. எத்தனை கிராம் குறையுது, எந்த வேளையில குறையுதுன்னு தெரிஞ்சுட்டா, டப்பா வாங்கணுமா, கொண்டைக்கடலை ஊறவைக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.