ஓடும் நேரமும் ஊர் நேரமும்

மும்பை, தில்லி முதலிய நகரங்களில் வாழும் நம்மவருள் பலர், விடியற்காலையில் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் அணிந்து ஓடச் செல்கின்றனர். ஓட்டம் தொடங்கியதும் அதன் திரையில் ஸ்டாப்வாட்ச், தூரம், வேகம் ஆகியவை தோன்றுகின்றன. மணி என்ன என்பது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

காலை வண்டியைப் பிடிக்க வேண்டியவருக்கு இது சிறு குறையன்று. 'ஆட்டோ பாஸ்' என்னும் வசதியை இயக்கியிருந்தால், சாலைச் சந்திப்பில் நாம் நிற்கும்போது ஸ்டாப்வாட்சும் நின்றுவிடும். 6 மணிக்குப் புறப்பட்டு, ஐந்து சந்திப்புகளில் இரண்டிரண்டு நிமிடம் நின்றவருக்கு, அது 60 நிமிடம் காட்டும்போது மணி 7.10 ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை ரயில் வண்டி தள்ளுபடி செய்வதில்லை!

இதற்கு வழி எளிது. கார்மின் ஓட்டக் கடிகாரங்கள் பலவற்றில், ஓட்டத்துக்குரிய அமைப்புகளுள் 'டேட்டா ஸ்கிரீன்ஸ்' என்ற பகுதி உண்டு. அங்கே ஒரு திரையை இரண்டு மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒன்றில் 'டைமர்', மற்றொன்றில் 'டைம் ஆஃப் டே' என்று தேர்ந்து வைக்கலாம். ஒரு முறை செய்துவிட்டால், ஓட்டத்தின் நடுவே பொத்தானைத் தேட வேண்டியதில்லை. துணைக்கோள்களின் குறிப்பைக் கொண்டு சரிசெய்யப்படுவதால் அந்த மணியை நம்பலாம்.

ஸ்டாப்வாட்ச் நம் உழைப்பை மட்டுமே அளக்கிறது. அலுவலகமும், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளும், அடுப்படியில் காத்திருக்கும் இல்லத்தரசியும் ஊர் மணியையே பார்க்கின்றனர். இரண்டையும் ஒருங்கே காண்பவர் உடலையும் பேணுவர். கடமையிலும் தவறார் என்பதே நம் துணிபு.