கத்தரிப்பூப் பதம்

மேலூர் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்கிறார்: "திருப்பாச்சேத்தி அரிவாள் எளிதில் முறியாமலும் மழுங்காமலும் இருப்பதற்கு அந்த ஊர்த் தண்ணீரின் மகிமையே காரணம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்கிறார்களே, இதில் விஞ்ஞானம் ஏதேனும் உண்டா?" உண்டு. ஆனால் அந்த விஞ்ஞானம் குடியிருப்பது தண்ணீர்த் தொட்டியில் அல்ல, தொட்டிக்கு அருகே நிற்பவரின் கண்ணில் என்பது என் அபிப்பிராயம்.

மதுரையிலிருந்து கீழடியைத் தாண்டி மானாமதுரைக்குப் போகும் வழியில், வைகைக் கரைச் சமவெளியில், சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பாச்சேத்தி இருக்கிறது. 2005-இல் வந்த ஒரு திரைப்படம் ஊர்ப் பெயரைக் குறுக்கித் தலைப்பாக்கிக்கொண்டு, இருந்த பிரசித்தியை இரட்டிப்பாக்கியது. அங்குள்ள பட்டறை ஒன்றில் நான் பார்த்த மூலப்பொருளோ உள்ளூர் மண்ணுக்குக் கிஞ்சித்தும் கடன்படாதது: ஆயுள் முடிந்த லாரியின் வில்பட்டை. எந்த உருக்காலையில் பிறந்து எந்த நெடுஞ்சாலையில் பாரம் தாங்கி ஓய்ந்ததோ தெரியாத அந்த எஃகில், நூற்றுக்குச் சுமார் அரைப் பங்கிலிருந்து முக்கால் பங்குக்குள் கரி கலந்திருக்கிறது. அவ்வளவு கரி இருந்தால்தான் நான் சொல்லப் போகும் வித்தை நடக்கும். வேலிக் கம்பியை அடித்து நீட்டி எந்தப் புண்ணிய தீர்த்தத்தில் முக்கினாலும் நடக்காது.

அடித்து வடிவம் கொடுத்த அரிவாளை மறுபடி உலையில் இட்டு, செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தைத் தண்ணீரில் முக்குவதற்குத் தோய்ச்சல் என்று பெயர். இதை விளங்க வைக்கச் சமையலறையை விடச் சிறந்த பாடசாலை இல்லை. கொல்லரும் சமையல்காரியும் ஒரே சொல்லைப் பிரயோகிக்கிறார்கள், அது 'பதம்'. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவள் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்துத் தட்டில் போடுகிறாள். 'டங்' என்று கேட்டால் பதம் வந்துவிட்டது. அதே பாகை மெல்ல ஆறவிட்டால் சர்க்கரை மணல் மணலாகப் பூத்துவிடும். எஃகும் அப்படித்தான்: சுமார் 850 டிகிரியில் இரும்புப் படிகத்துக்குள் தாராளமாகக் கரைந்து உலவும் கரியணுக்கள், மெல்ல ஆறினால் தனி அடுக்குகளாக ஒதுங்கிக்கொள்ள, உலோகம் மெத்தென்று ஆகிறது, சடக்கென்று குளிர்ந்தாலோ ஒதுங்க அவகாசமின்றி அகப்பட்ட இடத்திலேயே சிக்கிக்கொள்ள, இரும்பின் கட்டம் ஒருபுறமாக நீண்டு விறைத்துப்போகிறது. இந்த விறைப்புக்கு மார்ட்டன்சைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாகு முறிந்துவிட்டால் தண்ணீர் தெளித்துத் திரும்ப அடுப்பேற்றுவதுபோல, தோய்ச்சல் தவறிய அரிவாளையும், அது வெடிக்காத வரையில், திரும்ப உலையேற்றலாம். ஏலக்காய் மட்டும்தான் போட முடியாது. பாகு கண்ணாடியாக உறைவதையும், இரும்பு படிகமாகவே இருந்துகொண்டு கோணிப்போவதையும் ஒன்றென்று சொன்னால் உலோகவியல் பேராசிரியர்கள் சண்டைக்கு வருவார்களாதலால் உவமையை இங்கே இறக்கி வைக்கிறேன்.

தண்ணீரின் பங்கு என்ன என்று வாசகர் விடமாட்டார். பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கியவுடன் அதைச் சுற்றி நீராவிப் போர்வை ஒன்று உண்டாகிறது. சூடேறிய தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்து முத்தாக உருண்டோடுவது இந்தப் போர்வையின் மேல்தான். அது விலகாத வரையில் உஷ்ணம் சரியாக இறங்காது. உப்புக் கரைந்த நீரில் போர்வை சீக்கிரம் கிழிகிறது. கொல்லர் அரிவாளைத் தொட்டிக்குள் அசைத்துக்கொண்டே இருந்தாலும் கிழிகிறது. ஆகவே கொஞ்சம் உவரான கிணற்று நீருக்குக் கொஞ்சம் விசேஷம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். கைப்பிடி உப்பைப் போட்டால் அந்த விசேஷம் எந்த ஊர்த் தண்ணீருக்கும் வந்துவிடும்.

இனிமேல் வருவதுதான் என்னை மயக்கிய காட்சி. தோய்ச்சலிலிருந்து வெளிவந்த வாய் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் கல்லில் பட்டால் பீங்கான்போலச் சில்லாகும். விறைப்பைச் சற்றே தளர்த்தியாக வேண்டும். பட்டறைக்காரப் பெரியவர் அரிவாளின் வாயை மட்டும் சில விநாடிகள் முக்கி எடுத்து, ஒரு கல்துண்டால் தேய்த்து வெள்ளையாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி ஊர்ந்து வர, அந்த வெள்ளைப் பரப்பில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அதன் பின்னே கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம் என்று ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நகர்ந்தன. சம்மட்டி பிடித்திருந்த தங்கை மகனிடம், "அவசரப்படாத... கத்தரிப்பூ வாய்க்கு வரட்டும்... ம், இப்ப முக்கு!" என்றார். "நீலமும் வரட்டுமே மாமா?" என்றான் அவன். "முழுக்க நீலம் ஏறுச்சுன்னா வாய் மெத்துனு போயிரும்டா."

அந்த நிறங்களில் சாயம் எதுவும் இல்லை. சூட்டில் இரும்பின் மேல் படரும் ஆக்சைடு படலம், தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதன் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழிக்கின்றன. படலம் மிக மெல்லியதாக இருக்கையில் அழிவது நீலம், எஞ்சுவது வைக்கோல் மஞ்சள். தடிக்கத் தடிக்கப் பச்சை அழிந்து கத்தரிப்பூவும், சிவப்பும் மஞ்சளும் அழிந்து நீலமும் தெரிகின்றன. சோப்புக் குமிழியின் விளையாட்டேதான். வைக்கோலுக்குச் சுமார் 220 டிகிரி, கத்தரிப்பூவுக்கு 280, நீலத்துக்கு 300 என்று புத்தகங்கள் அட்டவணை போடுகின்றன; ஆனால் நீண்ட நேரம் சூட்டில் வைத்தால் குறைந்த உஷ்ணத்திலேயே அதே நிறம் வந்துவிடுமாதலால் அட்டவணையை மட்டும் நம்பிப் பயனில்லை. நிறம் நகரும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். கனலின் சிவப்பு வெயிலில் தெரியாது என்பதற்காகவே பட்டறைகளை இருட்டாக வைத்திருக்கிறார்கள்.

சரித்திரம் சொல்லாவிட்டால் ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக 2025 ஜனவரி 23-இல் முதலமைச்சர் அறிவித்தார்; சில மாதிரிகளின் கணக்கை வைத்து உலக சரித்திரத்தையே திருத்தக் கிளம்பிவிட்டவர்கள் இன்னும் சில அகழிகள் வரை பொறுக்கலாம். எனக்கு அதைவிட ருசியானது 1819-ஆம் வருஷத்து விவகாரம். 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த நம் உருக்கை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று முடிவு கட்டினார், அது பிசகு. கொல்லன் மகனாகிய அவரே ஏதோ ஒரு மாயச் சரக்கைத் தேடினாரென்றால், தண்ணீரைத் தேடும் மேலூர்ப் பெரியவர்களைக் குறை சொல்வானேன்?

பிழைப்பு எப்படி என்று கேட்டேன். அறுவடை இயந்திரம் வந்து கதிர் அரிவாளைக் கொண்டுபோய்விட்டது. தென்னைக்கும் பாளைக்கும் சீமைக்கருவேல் வெட்டவும் அரிவாள் போகிறது. அந்தக் கருவேலத்தின் கரிதான் திரும்ப உலைக்கு வருகிறது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாள். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் மானியத்தோடு கடன். கடன் உபயோகமானதுதான், ஆனால் ஏழு நாளில் கத்தரிப்பூவும் நீலமும் கண்ணுக்குப் பிரிந்து தெரியுமா என்பது என் சந்தேகம். பெரியவரோ கற்றுக்கொடுக்கக் கூலி வாங்குவதில்லை. சம்மட்டி அடிக்க ஆள் வேண்டுமாதலால் கற்றுக்கொள்கிறவனுக்கு இவரே கூலி கொடுக்கிறார்.

சுவரில் ஒரு நோட்டு தொங்கியது. வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கும் காரணம் இவற்றைக் குறித்து வைக்கும்படி 2021 செப்டம்பரில் காவல்துறை உத்தரவிட்டதன் விளைவு அது. காரணம் என்ற பத்தியில் 'தென்னை', 'கருவேலம்', 'தென்னை' என்று வரிசையாகப் போய், நடுவே 'சாமிக்கு' என்று இருந்தது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு நேர்த்திக்கடனாகப் போகும் ஆளுயர அரிவாள். அது ஒன்றையும் வெட்டப் போவதில்லையே, அதற்கும் தோய்ச்சல் உண்டா என்றேன்.

"போடாம எப்படிங்க? கருப்பன் வளைச்சுப் பாத்தா என்ன செய்யிறது?"