கழுதையைத் தேடிப் போனவருக்குக் கிடைத்த அரியணை



எதிர்பாராமல் வரும் நன்மையை நாம் 'அதிர்ஷ்டம்' என்கிறோம். வடமொழியில் 'திருஷ்டம்' என்றால் காணப்பட்டது. 'அதிருஷ்டம்' என்றால் காணப்படாதது. ஆங்கிலத்தில் இதற்கு நெருக்கமான சொல் ஒன்று உண்டு: 'செரண்டிபிட்டி'. அதன் வேர் இருப்பது நம் அண்டை நாடான இலங்கையில்.

அக்கால அரேபியரும் பாரசீகரும் இலங்கையைச் 'செரந்திப்' என்று அழைத்தார்கள். செரந்திப் நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதை ஒன்று 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. அந்த இளவரசர்கள் போகும் வழியில், ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதைக் காண்கிறார்கள். மறுபக்கம் நல்ல புல் இருந்தும் தொடப்படவில்லை. அப்படியானால் இவ்வழியே போன ஒட்டகத்துக்கு ஒரு கண் தெரியாது என்று முடிவு செய்கிறார்கள். அது சரியாகவே இருக்கிறது! அவர்கள் ஒட்டகத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். கண் திறந்து நடந்தவர்கள்.

இக்கதையை நினைவில் வைத்து, ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754 ஜனவரி 28 அன்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை உருவாக்கினார். தேடாத ஒன்றைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டடைவதே அவர் தந்த பொருள். தற்செயல் மட்டும் போதாது, அதைக் கண்டுகொள்ளும் அறிவும் வேண்டும். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் பூஞ்சை படர்ந்தது தற்செயல். அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதைக் கவனித்தது அவர் கண். அங்கிருந்துதான் பெனிசிலின் பிறந்தது.

விவிலியத்தில் சவுலைப் பாருங்கள் (1 சாமுவேல் 9). தந்தை கீசின் கழுதைகள் காணாமல் போகவே, தேடிப் புறப்படுகிறார். ஊர் ஊராக அலைந்தும் கிடைக்கவில்லை. "திரும்பிவிடலாம்" என்கிறார். உடன் வந்த பணியாளோ, இந்த ஊரில் இறையடியார் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்ப்போம் என்கிறார். காணிக்கைக்கு அவர் கையில் இருந்தது கால் செக்கேல் வெள்ளி. சவுல் அந்த எளியவரின் சொல்லைக் கேட்கிறார், சாமுவேலைச் சந்திக்கிறார், அரசராகத் திருப்பொழிவு பெறுகிறார். சவுலுக்கு அது தற்செயல். ஆனால் அவர் வருவதை முந்தின நாளே ஆண்டவர் சாமுவேலுக்குச் சொல்லியிருந்தார். நாம் தற்செயல் என்பதை நம் நம்பிக்கை 'இறைப் பராமரிப்பு' என்கிறது.

அன்பானவர்களே, அதிர்ஷ்டத்தை நம்பி லாட்டரியிலும் கைபேசிச் சூதாட்டத்திலும் வீட்டுப் பணத்தைத் தொலைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே யாரும் எதையும் கவனிப்பதில்லை, காத்திருப்பு மட்டுமே. சவுலோ தந்தை சொன்ன வேலையில் இருந்தார், நடந்தார், பிறர் சொல்லுக்குக் காது கொடுத்தார்.

ஒன்றை மறக்க வேண்டாம். துயரத்தில் இருப்பவரிடம் போய், "இதுவும் நன்மைக்கே" என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். சில இழப்புகள் இழப்புகளே. அவர் அருகில் அமர்ந்திருப்பதே நம் கடமை. ஆனால் தேடிய வேலை, கேட்ட இடம், எதிர்பார்த்த வரன் கைகூடாமல் வெறுங்கையோடு நிற்பவரே, உடனே வீடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் அருகில் நடந்து வரும் எளியவர் ஏதோ சொல்கிறார். இந்த வாரம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.