ஓய்வுக்காலச் சமையலறையும் கடைச்சரக்கும்

குறையும் சமையல், கூடும் பொட்டலம்

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர் வாழும் கடலூர் வட்டாரத்தில், பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் சென்றபின் முதியவர் இருவர் மட்டுமே உண்ணும் வீடுகளைத் திருப்பாதிரிப்புலியூர் முதல் சிதம்பரம் வரை காணலாம். மூட்டுவலியும் ஆள் குறைவும் சேர்ந்து அடுப்படி வேலையைச் சுருக்கும்போது, ரஸ்க், பிஸ்கட், உடனடி நூடுல்ஸ், சூப் பொடி ஆகியவை மெல்ல ஒரு வேளை உணவாகவே மாறிவிடுகின்றன. இவை அனைத்தையும் ஒதுக்கச் சொல்வது முதியவரின் இயலாமையை எண்ணாத அறிவுரையாகும். சமைக்கும் உழைப்பைக் குறைக்கும் பொருள் எது, சமைத்த உணவின் இடத்தையே பிடித்துக்கொள்ளும் பொருள் எது என்று பிரித்தறிந்து வாங்குவதே தேவையானது.

முதுமையில் உடலின் தேவை

வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைவதைச் சார்கோபீனியா, அதாவது தசை இழப்பு, என மருத்துவம் குறிப்பிடுகிறது. ஆற்றல் தேவை குறைந்தாலும் புரதத் தேவை குறைவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். தேநீரில் நனைத்த ரஸ்க் பல் இல்லாதவருக்கு எளிதாக இருந்தாலும், மைதாவும் சர்க்கரையும் பசியை அடக்கிவிடுவதால் பருப்புக்கும் முட்டைக்கும் வயிற்றில் இடம் இல்லாமற்போகிறது. நாவின் சுவையுணர்வு மங்கும் பருவத்தில் உப்பு மிகுந்த பண்டங்கள் கூடுதலாக ஈர்ப்பதும் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு ஆபத்தாகும்.

பொட்டலத்தின் பின்புறம்

உட்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட வேண்டும் என்பது விதியாதலால், முன்புறம் கோதுமை என்றிருந்தாலும் பட்டியலில் மைதாவே முதலில் நின்றால் அதுவே மிகுதி என்று அறியலாம். லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப் என்பவையும் சர்க்கரை வகைகளே. சோடியத்தின் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 1,000 மில்லிகிராம் சோடியம் உள்ள பண்டத்தில் 100 கிராம் உண்பவர், உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் வகுத்த 5 கிராம் உப்பில் பாதியை அதிலேயே பெற்றுவிடுகிறார். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், சிறுநீரக நோயுள்ளோரும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

இரு வகை எளிமை

பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர் கார்லோஸ் மொன்டெய்ரோவின் குழு வகுத்த நோவா பகுப்பு, வீட்டுச் சமையலில் இடம்பெறாத சாயம், செயற்கை மணம், குழம்பாக்கி ஆகியவற்றைக் கொண்டு ஆலையில் உருவாகும் பண்டங்களை மிகைப்பதன உணவு என்கிறது. அமெரிக்காவில் 20 பேரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், அத்தகைய உணவு தரப்பட்ட நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். அரைத்து விற்கும் இட்லி மாவு, முளைகட்டிய பயறு, நறுக்கிய காய், தயிர் ஆகியவையோ உழைப்பை மட்டும் மிச்சப்படுத்தி, உணவை உணவாகவே விட்டுவைக்கின்றன.

உள்ளூர்க் கடைவீதியின் வளம்

கடலூர் உழவர் சந்தையின் கீரையும் காயும், நியாயவிலைக் கடையின் துவரம்பருப்பும், துறைமுகத்தில் இறங்கும் மத்தி மீனும் இருவர் வாழும் வீட்டுக்கு எட்டும் விலையில் சத்தளிப்பவை. சிதம்பரத்துக்கு உரிய கத்தரிக்காய் கொத்சு மென்மையானதாதலால் இட்லியோடு மெல்லச் சிரமமின்றி உண்ணலாம். புளிப்பும் மணமும் உள்ளதால் உப்பைக் குறைத்தாலும் சுவை குன்றாது. கருவாட்டில் உப்பு மிகுதியாதலால் அது எப்போதாவது மட்டுமே ஏற்றது. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அது பயிர் உணவில் இல்லாததால், சைவ உணவினர் பாலையும் தயிரையும் தவிர்க்காமல் இருப்பதோடு, இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பதும் நலம்.

குடும்பத்தின் கடமை

பொட்டலத்தின் நுண்ணெழுத்து முதிய கண்களுக்குப் புலப்படாததால், விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பிஸ்கட் டின்களுக்குப் பதிலாக வறுகடலையும் பயறும் வாங்கிவைத்து, பெற்றோர் வழக்கமாக வாங்கும் பொருள்களின் உப்பு, சர்க்கரை அளவுகளைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுப்பது பொருளுள்ள உதவியாகும். மாத்திரைக்குச் செலுத்தும் கவனத்தில் ஒரு பங்கையேனும் மளிகைப் பட்டியலுக்கும் செலுத்தினால், தாமே எழுந்து நடக்கும் வலிமை முதியவர்களிடம் நீண்ட காலம் நிலைத்திருக்கும்.